மலைநாட்டு மீன் தொட்டிக்கு

தேயிலைக்கு யூரியா போட்டு மழையும் பெய்துவிட்டால், பீலித் தண்ணீரைச் சில நாட்களுக்குத் தொட்டியில் ஊற்ற வேண்டாம். கரைந்துவரும் உரம்தான் கண்ணாடியில் பச்சைப் பாசியாகப் படரும்.

ஹட்டன், நுவரெலியா ஓடைத் தண்ணீர் பெரும்பாலும் மென்னீர். சுண்ணாம்புச் சத்து குறைவு என்பதால் நாளடைவில் அமிலத்தன்மை ஏறும். ஒரு கைப்பிடி சிப்பி ஓட்டை நன்றாகக் கழுவி, துணியில் முடிந்து வடிகட்டிக்குள் போடுங்கள். மெல்லக் கரைந்து ஈடுகட்டும். இதற்காகக் கடலில் பவளம் உடைத்து வருவது சட்டப்படி குற்றம், பாவமும்கூட.

குளிர் கூடினால் அமோனியாவை மாற்றும் பாக்டீரியா மந்தமாகிவிடும். தீனியைப் பாதியாகக் குறையுங்கள். வாரம் கால்பங்கு தண்ணீர் மாற்றினால் போதும். குழாய்த் தண்ணீரானால் வாளியில் ஒரு நாள் திறந்து வையுங்கள், குளோரின் போய்விடும். வடிகட்டிப் பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள். தங்கமீன் இந்தக் குளிரைத் தாங்கும்; கப்பிக்கு ஹீட்டர் வேண்டும்.