ஃபங்ஷன் லிஸ்டில் பெயர் வரவில்லையா? எடிட்டருக்கு நாமே சொல்லிக்கொடுப்போம்!



பிராக்டிகல் தேர்வில் எக்ஸ்டர்னல் சார் விரும்பிக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "இந்த ஃபங்ஷன் எங்கேப்பா டிஃபைன் ஆகியிருக்கு, காட்டு பார்ப்போம்." உடனே நாம் பேஜ் டவுன் கீயைத் தட்டிக்கொண்டே போவோம். நானூறு வரி புரோகிராம் என்றால் சமாளிக்கலாம். நாலாயிரம் வரி ப்ராஜெக்ட் என்றால் சார் டீ குடித்துவிட்டே வந்துவிடுவார்!

இதற்காகத்தான் எடிட்டரில் ஃபங்ஷன் லிஸ்ட் என்ற வசதி இருக்கிறது. ஆனால் அதில் இருக்க வேண்டிய பெயர் வராமல் போவதும், சம்பந்தமே இல்லாத பெயர் வந்து உட்கார்வதும் உண்டு. அது ஏன், நாமே அதை எப்படிச் சரிசெய்வது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

இவ்வேலைக்குப் பெயர் பெற்ற பழைய புரோகிராம் சீடேக்ஸ். கென் ஆர்னால்டு எழுதி, பெர்க்லி யுனிக்ஸுடன் வந்தது. சோர்ஸ் ஃபைல்களைப் படித்து 'டேக்ஸ்' என்று ஒரு ஃபைல் எழுதி வைக்கும். ஒரு வரிக்கு ஒரு பெயர். பக்கத்தில் அது இருக்கும் ஃபைல், அடுத்து அந்த டெஃபினிஷன் வரியே ஒரு தேடல் குறிப்பாக. வரி எண்ணைப் போட்டால் சுலபம்தானே என்று தோன்றும். மேலே நாலு வரி சேர்த்தால் எண் மாறிவிடும், ஆனால் அந்த வரி அப்படியேதான் இருக்கும்! பெயர்கள் வரிசைப்படுத்தப்பட்டிருப்பதால் விம் எடிட்டர் அதில் பைனரி சர்ச் செய்கிறது. டேட்டா ஸ்ட்ரக்சர் பாடத்தில் மனப்பாடம் செய்தோமே, அதேதான்.

சரி, டெஃபினிஷன் எது என்று எப்படித் தெரிகிறது? பல எடிட்டர்களுக்கு மொழியே தெரியாது என்பதுதான் உண்மை. ஒவ்வொரு வரியையும் ஒரு பேட்டர்னோடு ஒப்பிடும். பொருந்தினால் லிஸ்டில் சேர்க்கும், அவ்வளவுதான். பைத்தானுக்கு இப்படி ஒரு பேட்டர்ன் இருப்பதாக வைத்துக்கொள்வோம். (மொழிச் சொற்களைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். கம்ப்யூட்டரில் ஆங்கிலத்தில்தான் அடிக்க வேண்டும்.)

^ *டெஃப் *([^ (:]+)

முதல் குறி வரியின் தொடக்கம். ஸ்பேஸும் நட்சத்திரமும் சேர்ந்தால் எத்தனை ஸ்பேஸ் வேண்டுமானாலும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். கடைசியில் அடைப்புக்குறிக்குள் இருப்பதுதான் பெயர். ஸ்பேஸோ, அடைப்புக்குறியோ, கோலனோ வரும்வரை உள்ள எழுத்துகள். டேப் கீயால் இன்டென்ட் செய்பவர்கள் ஸ்பேஸோடு டேபையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் புரோகிராமில் 'டெஃபால்ட் = 5' என்று ஒரு வரி இருந்தால் என்ன ஆகும்? டெஃப் பொருந்திவிட்டது. அதற்குப் பிறகு ஸ்பேஸ் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று நாம்தான் சொல்லியிருக்கிறோமே! லிஸ்டில் 'ஆல்ட்' என்று ஒரு ஃபங்ஷன் முளைத்து நிற்கும். இரண்டாவது நட்சத்திரத்தை + ஆக்கினால், குறைந்தது ஒரு ஸ்பேஸாவது வேண்டும் என்று ஆகி, தொல்லை தீர்ந்தது.

அடுத்தது கொஞ்சம் பெரிய தொல்லை. 2015ல் வந்த பைத்தான் 3.5ல் 'அசிங்க் டெஃப்' என்று புதிய வகை டெஃபினிஷன் சேர்ந்தது. வரி டெஃப் என்று தொடங்காததால், மேலே உள்ள பேட்டர்னுக்கு இந்த ஃபங்ஷன்கள் கண்ணில் படாது. வரியின் தொடக்கம் என்ற குறியை எடுத்துவிட்டால் போதுமே என்று சிலர் சொல்வார்கள். வேண்டாம்! 'இங்கே டெஃப் எழுத வேண்டும்' என்று கமென்ட் போட்டிருந்தால் அதுவும் ஃபங்ஷன் ஆகிவிடும். முறையான வழி இது:

^ *(அசிங்க் +)?டெஃப் +([^ (:]+)

கேள்விக்குறி என்றால் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. இத்துடன் முடிந்தது என்று ஓட்டிப் பார்த்தால், சாதாரண ஃபங்ஷன்களின் பெயரெல்லாம் காலியாக நிற்கும்! ஏனென்றால் முன்பு பெயர் முதல் அடைப்புக்குறியில் இருந்தது. இப்போது நாம் முன்னால் இன்னொன்று சேர்த்ததால் அது இரண்டாவதாகிவிட்டது. 'ஒன்றாம் குரூப்தான் பெயர்' என்று எழுதியிருக்கும் இடத்தில் இரண்டு என்று மாற்ற வேண்டும். சீடேக்ஸில் அது \1 என்று இருக்கும், ஈமேக்ஸின் ஐமெனுவில் தனி எண்ணாக இருக்கும். பேட்டர்னைத் திருத்துபவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இதுவே.

சி மொழியில் கதை வேறு. அங்கே டெஃப் மாதிரி அறிவிப்புச் சொல்லே கிடையாது. 'ஒரு சொல், இன்னொரு சொல், திறக்கும் அடைப்புக்குறி' என்று பேட்டர்ன் எழுதினால் 'இன்ட் கூட்டு(' சரியாக வரும். கூடவே 'எல்ஸ் இஃப் (' என்பதும் 'ரிட்டர்ன் கூட்டு(' என்பதும் வரும்! இவை எப்போதும் ஃபங்ஷனுக்குள் தள்ளி எழுதப்படுபவை. ஆகவே வரியின் முதல் எழுத்திலேயே தொடங்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தினால் விலகிவிடும். குனு திட்டத்தின் எழுத்து விதிகளில் ரிட்டர்ன் டைப்பைத் தனி வரியில் எழுதி, ஃபங்ஷன் பெயரை அடுத்த வரியின் முதல் இடத்தில் தொடங்கச் சொல்கிறார்கள். தேடுவதற்கு வசதி என்று காரணமும் சொல்லியிருக்கிறார்கள். எடிட்டருக்காக மனிதன் வளைந்துகொடுத்த கதை இது!

எதைத் திருத்தினாலும் ஒரு சின்னச் சோதனை ஃபைல் வைத்துக்கொள்ளுங்கள். வர வேண்டியவை பத்து வரி, வரக்கூடாதவை பத்து வரி. பலரும் முதல் பத்தை மட்டும் பார்த்துவிட்டு எழுந்துவிடுகிறார்கள். இரண்டாவது பத்துதான் முக்கியம் என்பேன்.

பேட்டர்னால் முடியாததும் உண்டு. பைத்தானில் மூன்று மேற்கோள் குறிகளுக்குள் பல வரி விளக்கம் எழுதுகிறோம். அதற்குள் உதாரணமாக ஒரு டெஃப் வரி இருந்தால், ஒற்றை வரியை மட்டும் பார்க்கும் பேட்டர்னுக்கு அது விளக்கம் என்று தெரிய வழியே இல்லை. இதற்கு மொழியின் இலக்கணப்படி முழு ஃபைலையும் பார்ஸ் செய்ய வேண்டும். 2016ல் மைக்ரோசாஃப்ட் அறிவித்த லாங்குவேஜ் சர்வர் முறையும், மேக்ஸ் பிரன்ஸ்ஃபெல்டு உருவாக்கிய ட்ரீ சிட்டரும் இந்த வழியில் வந்தவை. நாம் டைப் செய்யச் செய்ய, மாறிய பகுதியை மட்டும் ட்ரீ சிட்டர் மீண்டும் பார்ஸ் செய்கிறது. பாதி எழுதிய, பிழையுள்ள புரோகிராமிலும் முடிந்தவரை மரத்தைக் கட்டிவிடும். 2023ல் வந்த ஈமேக்ஸ் 29ல் இதற்கான வசதி சேர்க்கப்பட்டது.

அப்படியென்றால் பேட்டர்ன் எதற்கு? நம் எலக்ட்ரானிக்ஸ் பிரிவு நண்பர்களின் 8051 அசெம்ப்ளி புரோகிராமை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் எடிட்டரில் அதற்கு லிஸ்ட் இல்லையென்றால் ஒரே வரியில் முடித்துவிடலாம். வரித் தொடக்கத்தில் ஒரு பெயர், உடனே கோலன், அது லேபிள். 'சுழல்:' என்பது பொருந்தும், அங்கே தாவச் சொல்லும் ஜம்ப் வரி பொருந்தாது. கமென்ட் அரைப்புள்ளியில் தொடங்குவதால், அரைப்புள்ளியைப் பெயரில் அனுமதிக்காவிட்டால் போதும். 'ஈக்யூ' போட்டு வரையறுக்கும் பெயர்களுக்குக் கோலன் கிடையாது. அதற்கு இரண்டாவது பேட்டர்ன் வேண்டும், அதை நீங்களே எழுதிப் பாருங்களேன்.