பணிக்காலத்தைக் கணக்கிட எளிய வழி

சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கப் பகுதியின் தொழிலாளர் வீடுகளில் வேலையில் சேர்ந்த ஆணையைப் பத்திரமாக வைத்திருப்பார்கள். பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டது. அங்கு 17.8.1978-இல் சேர்ந்த ஒருவரின் பணிக்காலம் எவ்வளவு?

சேர்ந்த நாள், கடைசி நாள் இரண்டுமே வேலை நாள்கள். ஆகவே கடைசித் தேதியோடு ஒரு நாளைக் கூட்டி 1.3.2001 என எழுதி, அதன் கீழே 17.8.1978 என எழுத வேண்டும். ஒன்றிலிருந்து 17 போகாது. முந்தைய மாதமான பிப்ரவரியின் 28 நாளைக் கடன் வாங்கினால் 29, மீதி 12. மீந்த 2 மாதத்துக்கு ஆண்டிலிருந்து 12 கடன் வாங்க, 14-இல் 8 போக 6. ஆண்டு 22.

விடை 22 ஆண்டு, 6 மாதம், 12 நாள். கடன் வாங்கும்போது எப்போதும் 30 நாள் என்று போடுவதில்தான் பலர் தவறுகிறார்கள்.

அந்த 12 நாளுக்கு மதிப்பு அதிகம். அப்போது நடைமுறையில் இருந்த 1972-ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி, ஆறு மாதத்தைத் தாண்டிய மிச்சக் காலமும் முழு ஆண்டாகும். எனவே கணக்கு 23 ஆண்டு. கடைசி மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆலும் 23-ஆலும் பெருக்கினால் பணிக்கொடை வரும்.

இடையில் வேலை தடைப்பட்டிருந்தாலும், நிலத்தடிச் சுரங்கத் தொழிலாளிக்கு 12 மாதத்தில் 190 நாள் வேலை இருந்தால் அது ஓராண்டுத் தொடர் பணி. மற்ற பெரும்பாலோருக்கு 240 நாள் வேண்டும்.