பிஎச்.டி., போஸ்ட்டாக் இடம் தேடுவோர் கவனத்துக்கு

செய்ய வேண்டியவை

உங்கள் துறைக்காரர்கள் எங்கே விளம்பரம் போடுகிறார்கள் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். வானியலுக்கு அமெரிக்க வானியல் சங்கத்தின் வேலைப் பதிவேடு, துகள் இயற்பியலுக்கு இன்ஸ்பையர், கணித போஸ்ட்டாக்குகளுக்கு மேத்ஜாப்ஸ், ஐரோப்பா முழுமைக்கும் யூராக்செஸ். வேதியியலும் உயிரியலும் இப்படி ஓரிடத்தில் சிக்காது. ஒவ்வொரு ஆய்வுக்கூடத்தின் பக்கமாகத் துழாவத்தான் வேண்டும்.

நாட்டுக்கு நாடு முறை மாறும். அமெரிக்காவில் பெரும்பாலும் துறைக்குத்தான் விண்ணப்பம். பல இடங்களில் டிசம்பரிலேயே கதவு மூடிவிடும். ஸ்வீடனிலும் நெதர்லாந்திலும் பிஎச்.டி. என்பது சம்பள வேலை. காலியிடம் அறிவித்து ஆள் எடுப்பார்கள். ஜெர்மனியில் பல இடங்களில் இ13 ஊதிய நிலையில் 50 அல்லது 65 சதவீதம் தருவார்கள். அந்தச் சதவீதக் கணக்கு சம்பளத்துக்கு மட்டும்தான், ஆய்வுக்கூடத்தில் நிற்கும் நேரத்துக்குப் பொருந்தாது!

பேராசிரியருக்கு எழுதும்போது அவருடைய ஒரு கட்டுரையையாவது முழுதாகப் படித்துவிட்டு எழுதுங்கள். 'உங்கள் மூன்றாவது படத்தில் 80 கெல்வினுக்குக் கீழே மின்தடை மறுபடி ஏறுகிறதே, அது மாசினாலா? என் எம்.எஸ்சி. புராஜெக்டிலும் இதே மாதிரி வந்தது' என்ற இரண்டு வரி போதும். பதில் வர வாய்ப்புள்ள மெயில் அதுதான்.

போஸ்ட்டாக் தேடுவோர் ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி நிதிநல்கையின் விதியை இப்போதே படித்து வையுங்கள். கடைசித் தேதிக்கு முந்தைய 36 மாதங்களில், போகவிருக்கும் நாட்டில் 12 மாதங்களுக்கு மேல் வசித்திருக்கக் கூடாது. இது தெரியாமல் அங்கே முன்கூட்டியே போய்த் தங்கிவிட்டால் தகுதியே போய்விடும்.

செய்யக்கூடாதவை

நாற்பது பேருக்கு ஒரே மெயிலைத் தட்டிவிடாதீர்கள். பெண் பேராசிரியருக்கு 'டியர் சார்' போவது அப்படித்தான்.

நெட் தேர்வில் ஜேஆர்எஃப் கிடைத்ததுமே இடமும் கிடைத்துவிட்டதாக நினைக்காதீர்கள். 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய், கூடவே வீட்டு வாடகைப்படி, நல்ல பணம்தான். ஆனால் கைடையும் பல்கலைக்கழகப் பதிவையும் நீங்கள்தான் தேடிக்கொள்ள வேண்டும். இதைவிடச் சிக்கலானது புராஜெக்ட் ஜேஆர்எஃப். பெயர் ஒன்றுதான், பிஎச்.டி. பதிவு தானாக வராது. 'இந்தப் புராஜெக்டிலேயே பதிவு செய்ய முடியுமா, எப்போது?' என்று சேருமுன் கேட்கத் தயங்காதீர்கள். கேட்பதால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்தால் அந்த இடமே வேண்டாம்.

அங்கிருக்கும் மாணவர்களிடம் பேசாமல் சேராதீர்கள். கடைசியாக முடித்தவருக்கு எத்தனை வருடம் ஆனது என்ற ஒரு கேள்வியே நிறையச் சொல்லிவிடும்.

சீட் வாங்கித் தருகிறேன் என்பவருக்குப் பணம் கட்டாதீர்கள்.

அமெரிக்க அழைப்புக்கு அவசரப்பட்டுத் தலையாட்டாதீர்கள். நிதியுதவியோடு வரும் அழைப்புக்கு ஏப்ரல் 15-க்கு முன் பதில் கேட்டு நெருக்குவதில்லை என்று அங்குள்ள பல பல்கலைக்கழகங்கள் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டிருக்கின்றன. உங்களை அழைத்த பல்கலைக்கழகம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.