கேமராவை வரவேற்கும் இரவு கிளப்பைக் கண்டுபிடிப்பது எப்படி?

மார்கழி பிறந்தால் ராசிபுரத்தின் போட்டோ ஸ்டூடியோக்களில் வேலை குறைந்துவிடும். முகூர்த்தம் கிடையாது, தை பிறக்கும்வரை பழைய ஆல்பங்களை முடிப்பதும் பாஸ்போர்ட் அளவுப் படம் எடுப்பதும்தான். பெங்களூரிலும் சென்னையிலும் இரவு கிளப்புகளுக்கு அதே மாதம்தான் உச்சம். கிறிஸ்துமஸ், புத்தாண்டு என்று டிசம்பர் கடைசியில் மேடைகள் ஓய்வதே இல்லை. மங்கிய மண்டப வெளிச்சத்திலும் தாலி கட்டும் நொடியைத் தவறவிடாத கைக்கு அங்கே வேலை உண்டு. ஆனால் பெயர்பெற்ற கிளப்பெல்லாம் படம் எடுக்க ஏற்ற கிளப் ஆகிவிடாது. நல்ல வெளிச்சம், நிற்க இடம், தெளிவான அனுமதி இந்த மூன்றும் இருக்கும் இடத்தைத் தேடுங்கள்.

எந்த ஊரில் தொடங்குவது?

சென்னையின் இரவு கிளப்புகள் பெரும்பாலும் நட்சத்திர ஹோட்டல்களுக்குள் இருக்கின்றன. அங்கே கேமரா நுழைய ஹோட்டல் நிர்வாகத்தின் அனுமதியும் வேண்டும். பெங்களூரில் தனியாக நிற்கும் பப்புகள் அதிகம். பலவற்றில் நேரடி இசைக்குழுக்கள் வாசிக்கின்றன. படக்காரருக்கு டிஜே மட்டும் இருக்கும் இடத்தைவிட இசைக்குழு மேடை நல்லது: முகங்கள் உண்டு, வாத்தியங்கள் உண்டு, கதை உண்டு.

சேலத்திலிருந்து பெங்களூர் சுமார் 200 கி.மீ. கோரமங்களா, இந்திராநகர், சர்ச் ஸ்ட்ரீட் ஆகிய மூன்று பகுதிகளிலிருந்து தேடலைத் தொடங்குங்கள். கோரமங்களாவை ஒட்டியே மடிவாளா இருக்கிறது. தமிழ்நாட்டுப் பேருந்துகளை அங்கே பிடிக்கலாம். பப்புகள் இரவு 1 மணிக்கு மூடும். திரும்பும் பயணத்தை முன்பே முடிவு செய்துகொண்டு போங்கள். முதல் சில முறை துணைக்கு ஓர் ஆளோடு போவது யாருக்கும் நல்லது. பெண் படக்காரர்களுக்கு இது கட்டாயம்.

கிளப்பைவிட இசைக்குழுவைப் பின்தொடருங்கள்

இரவு விடுதிகளுக்கு ஆயுள் குறைவு. மும்பை லோயர் பரேலில் 2007இல் திறந்து இந்திய நேரடி இசைக்கே அடையாளமாக இருந்த ப்ளூ ஃப்ராக் 2016இல் அங்கே மூடப்பட்டது. பெங்களூர் இந்திராநகரின் ஹம்மிங் ட்ரீ 2019இல் மூடப்பட்டது. இடத்தின் பெயரை நம்பிக் கட்டிய தொடர்பு இடத்தோடு போய்விடும். இசைக்குழுவோடு கட்டிய தொடர்பு அவர்கள் போகும் மேடையெல்லாம் கூட வரும்.

வளரும் குழு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அவர்களின் சமூக வலைத்தளப் பக்கத்தில் உங்கள் சிறந்த பத்து மேடைப் படங்களை அனுப்பி, அடுத்த நிகழ்ச்சியில் படம் எடுக்க அனுமதி கேளுங்கள். குழு சொன்னால் கிளப் பெரும்பாலும் மறுக்காது. வாசலில் நிற்கும் பவுன்சரிடம் வாதாடி யாரும் நல்ல படம் எடுத்ததில்லை.

முன்கூட்டியே போய்ப் பார்க்க வேண்டியவை

வார நாளில், மாலை கூட்டம் சேரும் முன் கேமரா இல்லாமல் போங்கள். மேலாளர் பேச நேரம் இருக்கும் வேளை அதுதான்.

• முன்விளக்கு: மேடைக்கு முன்னாலிருந்து முகத்தில் வெளிச்சம் விழுகிறதா? பின்விளக்கு மட்டும் என்றால் நிழலுருவங்கள்தான் கிடைக்கும்.

• விளக்கின் நிறம்: முழுச் சிவப்பும் முழு நீலமும் முகத்தின் விவரத்தை அழித்துவிடும். இடையிடையே வெள்ளை விளக்கு வருகிறதா என்று லைட்மேனிடம் கேளுங்கள். அந்த இரவில் உங்கள் முதல் நண்பர் அவர்தான்.

• லேசர்: லேசர் கதிர் நேராக லென்ஸுக்குள் வந்தால் கேமராவின் சென்சார் பழுதாகும். கதிர் எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்துகொண்ட பிறகே நிற்கும் இடத்தை முடிவு செய்யுங்கள்.

• நிற்கும் இடம்: மேடைக்கு இரு பக்கமும் நகர வழி உண்டா? மாடியோ பால்கனியோ இருந்தால் கூட்டத்தையும் மேடையையும் ஒரே சட்டகத்தில் கொண்டுவரலாம்.

• பை: உபகரணப் பையைப் பூட்டி வைக்க இடம் உண்டா?

மேலாளரிடம் கேட்க வேண்டியவை

ஃப்ளாஷ் போடலாமா? எத்தனை பாடல்வரை எடுக்கலாம்? பெரிய கச்சேரிகளில் உலகெங்கும் பழகிய விதி, முதல் மூன்று பாடல்கள், ஃப்ளாஷ் கூடாது என்பது. சிறிய கிளப்புகளில் முழு நிகழ்ச்சிக்கும் அனுமதி கிடைப்பதுண்டு. படத்தை யார், எங்கே பயன்படுத்துவார்கள்? பெயர் போடுவார்களா? இந்த நான்குக்கும் பதிலை வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ எழுத்தாக வாங்கிவிடுங்கள். எழுதித் தரத் தயங்கும் இடத்தை விட்டு அடுத்த இடம் போங்கள்.

கேமராவே வேண்டாம் என்று சொல்லும் கிளப்பையும் மதியுங்கள். பெர்லினின் பெர்க்ஹைன் கிளப்பில் வாசலிலேயே கைபேசிக் கேமராமீது ஒட்டுவில்லை ஒட்டிவிடுவார்கள். ஆடுபவர் தன்னை மறந்து ஆட வேண்டும் என்பதே காரணம்.

கேமராவைத் தயார் செய்வது

எஃப் 1.8 துளையுள்ள 50 மி.மீ. லென்ஸ் விலை குறைவு. தொடங்க அது போதும். ஐஎஸ்ஓ 3200 முதல் 6400 வரை துணிந்து ஏற்றுங்கள். படத்தில் மணல்போல் புள்ளி தெரிந்தாலும் பரவாயில்லை, அசைவில் கலங்கிய முகத்தைக் காப்பாற்ற வழியே இல்லை. ரா வடிவில் எடுத்தால் நிறத்தைப் பிறகு சரிசெய்யலாம்.

நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் சாதாரண விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுக்கும். எல்இடி மேடை விளக்குகளுக்கு வேறு வேகமும் உண்டு. படத்தில் குறுக்குப் பட்டைகள் தெரிந்தால் எலக்ட்ரானிக் ஷட்டரை விட்டு மெக்கானிக்கலுக்கு மாறுங்கள். 1/100 நொடியில் எடுத்துப் பாருங்கள். குவியத்துக்கு உதவும் சிவப்பு விளக்கை அணையுங்கள். காதடைப்பான் எடுத்துப் போங்கள். செவித்திறன் போனால் திரும்பாது.

ஆடுபவரின் சம்மதம்

மேடையில் இருப்பவர் பார்க்கப்படவே வந்திருக்கிறார். கீழே ஆடுபவர் அப்படி வரவில்லை. அவர் அங்கே இருப்பது வீட்டுக்கோ அலுவலகத்துக்கோ தெரியாமல் இருக்கலாம். தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017இல் புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. கேமராவை உயர்த்திக் காட்டிக் கண்ணால் கேளுங்கள். தலையசைத்தால் மட்டும் எடுங்கள். குடித்துத் தள்ளாடுபவரின் தலையசைப்பு சம்மதமாகாது. அழிக்கச் சொன்னால் அவர் முன்னாலேயே அழியுங்கள். வேலை நேரத்தில் நீங்கள் குடிக்காதீர்கள்.

இதில் நமக்கு முன்னோடி மாலி நாட்டின் மாலிக் சிடிபே. 1960களில் பமாகோ நகரில் ஸ்டூடியோ வைத்திருந்தவர். சனிக்கிழமை இரவு இளைஞர்களின் நடன விருந்துகளுக்குப் போய்ப் படம் எடுத்து, கழுவி, தன் ஸ்டூடியோவில் பார்வைக்கு வைப்பார். ஆடியவர்கள் வந்து தங்கள் படத்தைத் தேர்ந்து வாங்கிப் போவார்கள். 2007 வெனிஸ் பியனாலேயில் வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்கம் அவருக்குக் கிடைத்தது. அவரைப் போல எடுத்த படத்தை எடுக்கப்பட்டவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பவரை எந்தக் கிளப்பும் மறுபடி அழைக்கும்.

பணமும் உரிமையும்

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 17ஐ ஒருமுறை படித்துவிடுங்கள். ஒருவர் கேட்டு, பணம் கொடுத்து எடுக்கச் செய்த படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், அவரே முதல் உரிமையாளர். உங்கள் விருப்பத்தில், கூலியின்றி எடுத்தால் உரிமை உங்களுடையது. கூலி வாங்கும்போது, “படக்காரர் தன் படைப்புத் தொகுப்பில் பயன்படுத்தலாம்” என்ற வரியை ஒப்பந்தத்தில் சேருங்கள். பிரிவு 19இன்படி உரிமையை மாற்றித் தர எழுத்தும் கையெழுத்தும் வேண்டும். எத்தனை ஆண்டு என்று எழுதாவிட்டால் ஐந்து ஆண்டு என்றே கொள்ளப்படும். கட்டணமின்றி ஓரிரு இரவுகள் பழகுங்கள். அடுத்த அழைப்புக்கு விலை சொல்லுங்கள். பயணச் செலவைத் தனியாகக் கேளுங்கள்.

பயிற்சி ஊரிலேயே இருக்கிறது

பெங்களூர் போகும் முன் எடுத்துக்காட்ட பத்துப் படம் வேண்டுமே? ஆடி 17, 18இல் கொல்லிமலையில் வல்வில் ஓரி விழா மேடைக் கலைநிகழ்ச்சிகளோடு நடக்கிறது. ஐப்பசியில் ராசிபுரம் நித்திய சுமங்கலி மாரியம்மன் கோயில் தேர்த்திருவிழா. ஊர்த் திருவிழாக்களின் ஆர்கெஸ்ட்ரா மேடையில் கிளப்பின் சிக்கல் எல்லாமே உண்டு: மாறும் விளக்கு, புகை, நெரிசல், நிற்காமல் அசையும் பாடகர். நடத்துபவரிடம் முறையாக அனுமதி கேட்டு, ஃப்ளாஷ் இல்லாமல் எடுங்கள். படங்களைக் கலைஞர்களுக்கு அனுப்புங்கள். ஆடியில் தொடங்கினால் ஐப்பசிக்குள் பத்துப் படம் சேர்ந்துவிடும். டிசம்பர் நிகழ்ச்சிகளுக்கு ஏற்பாடு நவம்பரிலேயே முடிந்துவிடும் என்பதால், இசைக்குழுவுக்கு எழுதும் முதல் கடிதம் ஐப்பசியிலேயே போய்ச் சேரட்டும்.