மெஷின் பெயரைச் சொல்லாதீர்கள், அளவைச் சொல்லுங்கள்

கேள்வி: எங்கள் தாத்தா வாங்கிய கதிரடிக்கும் மெஷின் ஒன்று பல வருடமாகக் கொட்டகையில் கிடக்கிறது. 6 குதிரைசக்தி லிஸ்டர் வகை என்ஜினில் பட்டை பெல்ட் போட்டு ஓட்டுவார்கள். என்ஜின் இன்னும் ஓடுகிறது. மெஷினில்தான் டிரம் பற்கள் தேய்ந்து, பேரிங் இறுகி, புல்லி ஒன்று விண்டு கிடக்கிறது. பெயர்ப்பலகையும் இல்லை. கடையில் கேட்டால், “அந்த மாடல் இப்ப வர்றதில்லைங்க” என்கிறார்கள். உதிரிபாகங்களை எங்கே தேடுவது?
– வாசகர், தாராபுரம்

பதில்: கடைக்காரர் சொல்வது சரிதான். அந்த மாடலுக்கென்று தனியாக எதுவும் வராது. ஆனால் மெஷின் பெயரை விட்டுவிட்டு அளவைச் சொல்லிக் கேட்டால் பல சாமான்கள் அன்றைக்கே கிடைத்துவிடும். எனவே கழற்றும் எதையும் எடைக்குப் போடாதீர்கள். தேய்ந்த பாகம்தான் இனி உங்களுக்கு வரைபடம்.

பேரிங்கில் தொடங்குங்கள். விளிம்பை டீசலில் துடைத்தால் எண் தெரியும். 6206 என்றிருந்தால் கடைசி இரண்டு இலக்கத்தை 5-ஆல் பெருக்குங்கள்: 30 மி.மீ. சாஃப்டுக்கானது. எந்தக் கம்பெனி செய்தாலும் அந்த எண்ணுக்கு அதே அளவுதான். சாஃப்ட் அங்குலக் கணக்கில் இருந்தால் மட்டும் கவனம் வேண்டும். 1 அங்குலம் என்பது 25.4 மி.மீ.; 25 மி.மீ. பேரிங் அதில் ஏறாது. சாஃப்டை ராவி ஏற்றித் தருகிறேன் என்பார்கள், விடாதீர்கள். யூ.சி.பி. 205-16 என்று கேளுங்கள். 1 அங்குல சாஃப்டுக்கென்றே பிளம்மர் பிளாக்கோடு வருவது அது.

போல்ட்டிலும் இதே கதைதான். அரை அங்குல போல்ட்டில் அங்குலத்துக்கு 12 மரை இருந்தால் விட்வொர்த், 13 இருந்தால் யூ.என்.சி. ஒன்றின் நட்டு மற்றதில் முதலில் ஏறுவதுபோல் ஏறி, பிறகு இறுகிக்கொள்ளும். அங்கே ஸ்பானரைப் போட்டு முறுக்கினால் மரை போய்விடும்.

விண்ட புல்லிக்குக் காயலான் கடைகளைச் சுற்றுங்கள். விட்டமும் அகலமும் ஒத்துவந்தால் போதும். துளை சிறிதாக இருந்தால் லேத்தில் பெரிதாக்கிக்கொள்ளலாம். கிடைக்காவிட்டால் கோவையில் வார்ப்படப் பட்டறைகளைக் கேளுங்கள். பழைய புல்லியையே மணலில் பதித்து ஊற்றச் சொல்லாதீர்கள். வார்ப்பிரும்பு ஆறும்போது ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு சுருங்கும், 300 மி.மீ. புல்லி 297-ஆக வரும். கடைசலில் போவது தனி. இரண்டையும் கூட்டித்தான் பேட்டர்ன் செய்ய வேண்டும். பட்டை பெல்ட் புல்லியின் நடுவில் லேசான மேடு இருக்கும், தொட்டுப் பாருங்கள். பெல்ட்டை நடுவில் நிறுத்துவது அந்த மேடுதான். அதைச் சமமாகக் கடைந்துவிட்டால் பெல்ட் கழன்றுகொண்டே இருக்கும்.

டிரம் பற்களைக் கொல்லரிடமோ லேத் பட்டறையிலோ முழு செட்டாகச் செய்யுங்கள். அங்கொன்று இங்கொன்றாக மாற்றினால் ஒரு பக்கம் கனம் கூடி மெஷினே குதிக்கும். பல்லைத் தராசில் நிறுத்து, ஒத்த எடை உள்ளவற்றை எதிரெதிரே பொருத்துங்கள். பிறகு டிரம்மைத் தனியே எடுத்து, சாஃப்டின் இரு முனைகளையும் ரசமட்டம் பார்த்து வைத்த இரண்டு இரும்புப் பட்டைகளின் மேல் ஏற்றி மெல்ல உருட்டுங்கள். எப்படி உருட்டினாலும் ஒரே பக்கம் கீழே வந்து நின்றால் அங்கே கனம் அதிகம். எதிர்ப்பக்கத்தில் சிறு இரும்புத் துண்டை வெல்டிங் வைத்துச் சரிக்கட்டலாம்.

வேகக் கணக்கையும் போட்டுவிடுங்கள். முள் டிரம்மில் நெல் அடிக்கப் பல்நுனி வேகம் நொடிக்கு 12 முதல் 16 மீட்டர் வேண்டும். கூடினால் மணி உடையும், குறைந்தால் கதிரிலேயே தங்கும். பல்லோடு சேர்த்து 450 மி.மீ. விட்டமுள்ள டிரம் நிமிடத்துக்கு 600 சுற்று சுற்றினால் சுமார் 14 மீட்டர் வரும். உங்கள் என்ஜின் ஓடுவது 650 சுற்று. அதில் 12 அங்குலப் புல்லி இருந்தால் டிரம்முக்கு 13 அங்குலம் சரியாக இருக்கும்.

என்ஜினுக்குப் பிற்பாடு ஏதாவது தேவைப்பட்டாலும் கவலையில்லை. இங்கிலாந்தின் டர்ஸ்லியில் லிஸ்டர் இந்த ரகத்தை நிறுத்திவிட்டாலும், அதே அளவில் ராஜ்கோட் பட்டறைகள் செய்திருக்கின்றன.

கதிர் ஒரு முனையில் நுழைந்து, டிரம்மைச் சுற்றிக்கொண்டே நகர்ந்து மறுமுனையில் வைக்கோலாக வெளியேறும் அமைப்பா என்றும் பாருங்கள். ஆமென்றால், பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1970-களில் வடிவமைத்து, பல நாட்டுப் பட்டறைகளுக்கும் வரைபடம் கொடுத்த ரகத்தின் வழிவந்ததாக இருக்கலாம். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் பண்ணை இயந்திரவியல் துறையில் படத்தைக் காட்டி விசாரியுங்கள்.

கதிர் போடும் வாயில் மட்டும் பழமையைக் காப்பாற்ற வேண்டாம். பழைய மெஷின்களில் அது கட்டையாக இருக்கும். கதிரோடு கையும் உள்ளே போய்விடும். அபாயகரமான இயந்திரங்களுக்கென 1983-இல் மத்திய அரசு கொண்டுவந்த சட்டத்தில் கதிரடிக்கும் மெஷினும் அடக்கம். வாயை 90 செ.மீ. நீளத்துக்கு இழுத்து, டிரம் பக்கம் 45 செ.மீ. தகட்டால் மூடிவிடுங்கள். பெல்ட்டுக்கும் கூண்டு போட்ட பிறகே என்ஜினைக் கிளப்புங்கள்.