ஓட்டலுக்குள்ள போகலாம் வாங்க!



சென்ற பாடத்தில் வங்கிக்குப் போய் நாமே செலான் எழுதுவது எப்படி என்று படித்தோம். இந்த மாதப் பாடம் சாப்பாடு பற்றியது. "சாப்பிடறதுக்கு ஒரு பாடமா மேடம்?" என்று சிலர் சிரிப்பீர்கள். சமைக்க நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆனால் ஒரு பெரிய பட்டணத்தில், தெரியாத ஓட்டலில், தனியாக உட்கார்ந்து, வேண்டியதைக் கேட்டு வாங்கி, வயிறு நிறையச் சாப்பிட்டு, பில்லைப் பார்த்துக் காசு கொடுக்க நம்மில் எத்தனை பேருக்குத் தைரியம் இருக்கிறது? கை தூக்குங்கள் பார்ப்போம்.

நுங்கம்பாக்கத்தில் நடந்தது

சென்னை நுங்கம்பாக்கத்தில் அன்னை தெரசா மகளிர் வளாகம் இருக்கிறது. மகளிர் குழுக்களின் பொருட்களுக்கு அங்கே கண்காட்சி நடக்கும். நம் கூட்டமைப்பிலிருந்து கருப்பட்டியும் பனை ஓலைப் பெட்டியும் எடுத்துக்கொண்டு ஐந்து உறுப்பினர்களும் நாங்களும் போயிருந்தோம். கிளாம்பாக்கத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்து எல்லோருக்கும் ஒரே உற்சாகம். விற்பனையும் நன்றாகவே இருந்தது.

மூன்றாம் நாள் மத்தியானம் ஒரு அக்கா கடையில் நின்றபடியே தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். அவருக்குச் சர்க்கரை வியாதி. மாத்திரை போட்டிருக்கிறார், சாப்பிடவில்லை. சர்க்கரை கரைத்துக் குடிக்கக் கொடுத்ததும் கொஞ்சம் தெளிந்தார். "காலையில என்னக்கா சாப்பிட்டீங்க?" என்று கேட்டோம். ஒரு டீயும் ஒரு பன்னும். முந்தின நாள்? அதே டீ, அதே பன். ஒரு நாளைக்கு 250 ரூபாய் என்று கூட்டமைப்பு கொடுத்த சாப்பாட்டுப் படி முழுவதும் கைக்குட்டையில் முடிந்தபடி மடியில் இருந்தது.

மற்ற நாலு பேரையும் விசாரித்தோம். அவர்கள் கதையும் கிட்டத்தட்ட அதேதான். பக்கத்திலேயே எத்தனையோ ஓட்டல்கள் இருந்தும் ஒருவர்கூட உள்ளே போகவில்லை. அவர்களைச் சாப்பிட அழைத்துப் போகாமல் கடைக் கணக்கையே பார்த்துக்கொண்டிருந்தது எங்கள் தப்பு. அதை ஒத்துக்கொண்டுதான் இந்தப் பாடத்தை எழுதுகிறோம்.

ஏன் உள்ளே போகவில்லை?

அன்று ராத்திரி எல்லோரும் உட்கார்ந்து பேசினோம். நாலு காரணம் வெளியே வந்தது.

முதல் காரணம் விலை. "கண்ணாடிக் கதவு போட்ட கடையில என்ன விலை சொல்வானோ!"

இரண்டாவது பேச்சு. "பொம்பள தனியா ஓட்டல்ல உக்காந்து தின்னான்னு ஊர்ல தெரிஞ்சா என்ன பேசுவாங்க?"

மூன்றாவது பிள்ளைகள். "நான் ஒரு நேரம் தின்ன காசு இருந்தா சின்னவனுக்கு நோட்டு வாங்கலாம்ல."

நாலாவது காரணத்தை ஒரு உறுப்பினர் மெதுவாகச் சொன்னார். "எங்க ஊர் டீக்கடையில எங்களுக்குத் தனி கிளாஸ் இருந்துச்சு மேடம். கடைக்குள்ள உக்காரக் கூடாது. இன்னைக்கும் எந்தக் கடை வாசல்ல நின்னாலும் கால் உள்ள போக மாட்டேங்குது." அவர் சொல்லி முடித்ததும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

தோழிகளே, இந்த நாலில் விலை மட்டும்தான் காசு சம்பந்தப்பட்டது. மற்ற மூன்றும் நம் மனசுக்குள் மற்றவர்கள் கட்டி வைத்த வேலி.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் அரசியல் சட்டத்தின் 15-வது பிரிவில் ஒரு வரி இருக்கிறது. மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் என்ற காரணங்களை மட்டும் வைத்து எந்தக் குடிமகனையும் கடை, பொது உணவு விடுதி, ஓட்டல் முதலிய இடங்களுக்குள் வராதே என்று தடுக்கக் கூடாது. 'பால்' என்றால் ஆண், பெண் என்ற வேறுபாடு. ஆக, சாதியைச் சொல்லியும் தடுக்க முடியாது, பொம்பளை என்று சொல்லியும் தடுக்க முடியாது.

இந்த உரிமை சும்மா வந்ததில்லை. சட்டம் வந்து ஏழு வருடம் கழித்துக்கூட, சென்னையிலேயே ஓட்டல் பெயர்ப் பலகைகளில் சாதிப் பெயர் இருந்தது. அதை எடுக்கச் சொல்லி 1957-ல் திருவல்லிக்கேணியில் ஒரு ஓட்டல் முன்பாகப் பெரியார் மறியல் போராட்டம் நடத்தினார். பலர் ஜெயிலுக்குப் போனார்கள். இன்று அதே திருவல்லிக்கேணியில் யார் வேண்டுமானாலும் யார் பக்கத்திலும் உட்கார்ந்து இட்லி சாப்பிடலாம். அவ்வளவு பேர் பாடுபட்டுத் திறந்துவிட்ட கதவு, நாம் வாசலில் நின்று பன் தின்பதற்கா?

எந்த இடம் எப்படி?

அம்மா உணவகம்: சென்னை மாநகராட்சி 2013 பிப்ரவரியில் தொடங்கியது. தொடங்கும்போது இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். அங்கே சமைத்துப் பரிமாறும் வேலைக்கு எடுக்கப்பட்டவர்கள் நம்மைப் போன்ற மகளிர் குழுப் பெண்கள்தான். அரசு பெரிய ஆஸ்பத்திரி வளாகத்திலும் உண்டு. நோயாளிக்குத் துணையாகப் போகிறவர்கள் நினைவில் வையுங்கள்.

கையேந்தி பவன்: ரோட்டோரத் தள்ளுவண்டிக் கடைக்குச் சென்னைக்காரர்கள் வைத்த பெயர். தட்டைக் கையில் ஏந்தி நின்றபடியே சாப்பிடணும். விலை குறைவு. சூடாக இருக்கிறதா, தட்டு சுத்தமா, தண்ணீர் நல்லதா என்று பார்த்து வாங்குங்கள்.

டோக்கன் ஓட்டல்: முதலில் கல்லாவில் காசு கட்டி டோக்கன் வாங்கணும். அதைக் கவுண்டரில் கொடுத்தால் பலகாரம் தருவார்கள். உட்கார்ந்து யாராவது வருவார்கள் என்று காத்திருந்தால் யாரும் வர மாட்டார்கள். எங்களுக்கே இது நடந்திருக்கிறது.

சர்வர் வரும் ஓட்டல்: திருவல்லிக்கேணி ரத்னா கபே 1948-லிருந்து சாம்பார் இட்லிக்குப் பேர் போனது. மவுண்ட் ரோடு புகாரி 1951-ல் வந்தது. சிக்கன் 65 பிறந்த இடம் என்று அதைச் சொல்வார்கள். இப்படி ஊர் முழுக்க ஓட்டல்கள் உண்டு. உட்கார்ந்ததும் மெனு கார்டு கேளுங்கள். இங்கிலீஷ் தெரியாவிட்டால் "தம்பி, சாப்பாடு என்ன விலை? அளவுச் சாப்பாடா, முழுச் சாப்பாடா?" என்று கேளுங்கள். அளவுச் சாப்பாட்டில் மறுசோறு கிடையாது. முழுச் சாப்பாட்டில் போடுவார்கள். ஆனால் ஒரு சாப்பாட்டை இரண்டு பேர் பங்கு போட விட மாட்டார்கள். ஏசி ஹாலில் விலை கூடுதலாக இருக்கலாம். அதையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

இன்னொரு விஷயம். வெளியூர் போனால் கக்கூஸ் எங்கே இருக்குமோ என்று பயந்தே பல பேர் தண்ணீர் குடிப்பதில்லை. சாப்பிடப் போகிற ஓட்டலில் கழிப்பறை இருக்கிறதா என்று கேட்டுவிட்டு உட்காருங்கள். கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை.

பில்லைப் படிப்போம்

நாலு பேர் சாப்பிட்டதாக ஒரு பில்லைப் பாடத்துக்காக எழுதியிருக்கிறோம். பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாடு 4 × 130 = 520
காபி 4 × 35 = 140
தண்ணீர் பாட்டில் 1 × 40 = 40
கூட்டுத்தொகை 700
சர்வீஸ் சார்ஜ் 10 சதவீதம் = 70
மத்திய ஜி.எஸ்.டி. 2.5 சதவீதம் = 19.25
மாநில ஜி.எஸ்.டி. 2.5 சதவீதம் = 19.25
மொத்தம் 808 ரூபாய் 50 காசு

இதில் நாம் கேள்வி கேட்க வேண்டிய இடங்கள் மூன்று.

ஒன்று, தண்ணீர் பாட்டில். நாம் கேட்டோமா? கேட்காமலே மேசையில் வைத்தால் "சாதாரணத் தண்ணி குடுங்க தம்பி" என்று சொல்லித் திருப்பிக் கொடுக்கலாம். பெட்டிக்கடையில் பாட்டிலில் அச்சடித்த விலைக்கு மேல் வாங்கக் கூடாது. ஆனால் ஓட்டலில் உட்கார வைத்துப் பரிமாறும்போது கூடுதலாக வாங்கலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதனால் மூடியைத் திறக்கும் முன்பே விலை கேளுங்கள்.

இரண்டு, சர்வீஸ் சார்ஜ். இது வரி அல்ல, அரசாங்கத்துக்குப் போகாது. ஓட்டல்காரர் தானாக இதைப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் விதி வெளியிட்டது. 2025 மார்ச்சில் டில்லி உயர் நீதிமன்றமும் அந்த விதி செல்லும் என்று தீர்ப்பளித்தது. பெரிய ரெஸ்டாரண்டுகளில்தான் இது பெரும்பாலும் வரும். "இதை எடுத்துட்டுப் பில் போடுங்க" என்று சொல்லலாம். மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசலாம். சர்வர் தம்பிக்கு மனசார டிப்ஸ் வைப்பது வேறு. அது நம் விருப்பம்.

மூன்று, ஜி.எஸ்.டி. சாதாரண ஓட்டல்களில் 2017 நவம்பரிலிருந்து மொத்தம் 5 சதவீதம். மத்திய அரசுக்குப் பாதி, மாநிலத்துக்குப் பாதி. பில்லில் ஜி.எஸ்.டி. பதிவு எண் இல்லாமல் வரி மட்டும் போட்டிருந்தால் கொடுக்க வேண்டியதில்லை.

சர்வீஸ் சார்ஜை எடுத்தால் என்ன ஆகும்? 700-க்கு வரி 35. மொத்தம் 735. ஒரு வார்த்தை கேட்டதில் 73 ரூபாய் 50 காசு மிச்சம். மாதாந்திரக் கூட்டத்தில் உள்கடன் வட்டியைக் காசு சுத்தமாகக் கணக்கிடுகிற நமக்கு இந்தப் பில் எம்மாத்திரம்? எழுத்து இங்கிலீஷ் என்றாலும் எண்கள் நம் சங்க நோட்டில் உள்ள அதே எண்கள்தான்.

'பார்' என்று போட்டிருந்தால்?

சில ரெஸ்டாரண்டுகளில் ஒரு பக்கம் சாப்பாடு, இன்னொரு பக்கம் பார். தெரியாமல் நுழைந்துவிட்டால் பதற வேண்டாம். "ஃபேமிலி சைடு எங்கே?" என்று கேட்டுத் திரும்பி வரலாம். யாராவது தொந்தரவு செய்தால் முதலாளியிடம் சத்தமாகச் சொல்லுங்கள். 181 பெண்கள் உதவி எண்.

பட்டணத்தில் வேலை பார்க்கும் பெண் பிள்ளைகள் கூட்டாக ஓட்டலுக்குப் போய்ச் சாப்பிட்டுச் சிரித்துப் பேசுவதைப் பார்ப்பீர்கள். அதை வைத்து ஒழுக்கத்தை எடை போட வேண்டாம். நம் பிள்ளைகளும் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் கம்பெனிகளில்தான் வேலை செய்கிறார்கள்.

பாரைப் பற்றி எங்களுக்கு ஒரே ஒரு கேள்விதான். தமிழ்நாட்டில் 2003-லிருந்து சில்லறை மதுக்கடைகளை அரசின் டாஸ்மாக் நிறுவனமே நடத்தியிருக்கிறது. பக்கத்துப் பாரில் உட்கார்ந்தால் பாட்டிலோடு செலவு முடியாது. சைடு டிஷ், தண்ணீர், டம்ளர் எல்லாவற்றுக்கும் தனிக் காசு. ஒரு சாயங்காலத்துக்கு 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், வாரம் மூன்று நாள் போனால் மாதம் 3,600 ரூபாய். இதற்கு வீட்டில் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. மயக்கம் போட்டு விழும் நிலையிலும் 60 ரூபாய் டிபனுக்கு நாம் மட்டும் ஏன் நம் மனசிடமே அனுமதி கேட்டு நிற்கிறோம்?

குடிக்கிறவர்களைப் போல வீண் செலவு செய்யச் சொல்லவில்லை. குடி கெடுத்த குடும்பங்களை நாம் தினமும் பார்க்கிறோம். உழைக்கிற உடம்புக்குச் சாப்பாடு போடுவது வீண் செலவு இல்லை என்றுதான் சொல்கிறோம்.

நாலாம் நாள்

மறுநாள் மத்தியானம் இரண்டு பிரிவாகப் பிரிந்து, கடையை மாற்றிப் பார்த்துக்கொண்டு ஓட்டலுக்குப் போனோம். வாசலில் தயங்கிய உறுப்பினரின் கையைச் சர்க்கரை அக்காதான் பிடித்து இழுத்துப் போனார். சர்வர் ஒரு பாட்டிலைக் கொண்டுவந்து வைத்தார். நாங்கள் வாய் திறக்கும் முன்பே அக்கா சொன்னார்: "இது வேணாம் தம்பி, ஜக்குல தண்ணி கொண்டா." சாப்பிட்டு முடித்ததும் பில்லை வாங்கி விரல் விட்டுக் கூட்டினார். சரியாக இருந்தது. தயங்கிய உறுப்பினர் இலையை மடித்துவிட்டு, "எல்லாருக்கும் ஒரே மாதிரி டம்ளர்தான் மேடம்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

ஊர் திரும்பியதும் கூட்டமைப்புக் கூட்டத்தில் தீர்மானம் போட்டோம். சாப்பாட்டுப் படி சாப்பிடுவதற்கே. வெளியூர் போகிறவர்கள் வேளைக்குச் சாப்பிட்டார்களா என்று கூடப் போகும் பிரதிநிதி கேட்டு எழுத வேண்டும். சர்க்கரை உள்ளவர்கள் பையில் கொஞ்சம் கல்கண்டு வைத்திருக்க வேண்டும்.

குழுக் கூட்டத்தில் பேச

1. நீங்கள் கடைசியாக வெளியூரில் பசியோடு திரும்பியது எப்போது? ஏன்?
2. இருவர் சர்வராகவும், மூவர் சாப்பிட வந்தவர்களாகவும் நடித்துக் காட்டுங்கள். விலை கேளுங்கள், பாட்டிலைத் திருப்பிக் கொடுங்கள், பில்லைக் கூட்டுங்கள்.
3. உங்கள் ஊர் டீக்கடையில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து டீ குடிக்க முடிகிறதா? முடியாவிட்டால் குழு என்ன செய்யலாம்?
4. அடுத்த முறை சந்தைக்கோ வங்கிக்கோ போகும்போது குழுவாக ஒரு ஓட்டலில் உட்கார்ந்து டிபன் சாப்பிடுங்கள். பில்லைப் பத்திரமாக வைத்து அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். அதையே பாடமாகப் படிக்கலாம்.

ஊருக்கே உலை வைக்கிற கை நம் கை. அந்தக் கையால் நாமும் ஒரு வாய் நிம்மதியாகச் சாப்பிடுவோம்.