தசையின் கதவு

விரலை மடக்க நினைத்த மாத்திரத்தில் விரல் மடங்கிவிடுகிறது. ஆனால் கட்டளையைக் கொண்டுவரும் நரம்பு, தசையைத் தொடுவதே இல்லை. இரண்டுக்கும் நடுவே ஓர் இடைவெளி உண்டு. ஒரு மில்லிமீட்டரை 20,000 கூறாக்கினால் ஒரு கூறு எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவுதான். ஆயினும் நரம்பின் மின்துடிப்பு அதைத் தாண்டாது. எனவே நரம்பு நுனி அசிடைல்கோலின் என்னும் வேதிப்பொருளைச் சுரக்கிறது.

அதை வரவேற்கத் தசைச் செல்லின் சவ்வில் ஏற்பிப் புரதங்கள் காத்து நிற்கின்றன. ஐந்து பகுதிகள் வட்டமாகக் கூடி, நடுவே ஒரு துளையுடன் அமைந்தவை இவை. இரண்டு அசிடைல்கோலின் மூலக்கூறுகள் வந்து பொருந்தினால் துளை திறக்கும். சோடியம் அயனிகள் உள்ளே பாயும். அதனால் எழும் மின்துடிப்பு, செல்லினுள் சேமித்து வைத்துள்ள கால்சியத்தை விடுவிக்கும். பிறகு மயோசின் இழைகள் ஆக்டின் இழைகளைப் பற்றி இழுக்க, தசை சுருங்கும். வேலை முடிந்த அசிடைல்கோலினை ஒரு நொதி உடனே சிதைத்துவிடும். இல்லையேல் மடக்கிய விரலை நீட்டுவது எப்படி?

இக்கதவு இருப்பதை உணர்த்தியது ஒரு நஞ்சு! அமேசான் காட்டு வேடர்கள் அம்பில் தடவும் குராரேயை, 1850களில் பிரான்சின் கிளாடு பெர்னார்டு தவளைக்குச் செலுத்தினார். பாவம் அந்தத் தவளை! நரம்பைத் தூண்டினால் கால் அசையவில்லை. தசையை நேரே தூண்டினால் துடித்தது. அப்படியானால் தசை கெடவில்லை. தசையில் 'ஏற்கும் பொருள்' ஒன்று இருக்க வேண்டுமென்று 1905இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த லாங்லி கூறினார்.

இது எங்கோ அமேசானில் நடக்கும் செய்தியன்று. நம் வயல் வரப்பிலுள்ள நல்லபாம்பின் நஞ்சும் இதே ஏற்பியைத்தான் அடைக்கிறது. கடிபட்டவரின் இமைகள் முதலில் தொங்கும். பின்பு பேச்சு குழறும். மார்புத் தசைகளும் ஓய்ந்தால் மூச்சு நிற்கும். இதயமோ நரம்பின் கட்டளைக்குக் காத்திராமல் தானே துடிப்பது. ஆகவே அது சற்று நேரம் துடித்துக்கொண்டே இருக்கும். அசையாமல் கிடப்பவருக்கு அருகிலிருப்போர் பேசுவதெல்லாம் கேட்கவும் கூடும்! அவரை இறந்தவராக எண்ணிவிடலாகாது. மருத்துவமனையில் செயற்கைச் சுவாசமும் நஞ்சுமுறி மருந்தும் கொடுத்துக் காப்பாற்றுகிறார்கள். நியோஸ்டிக்மைன் என்ற ஊசியும் போடுவதுண்டு. அது முன்சொன்ன நொதியைத் தடுக்கும். அசிடைல்கோலின் பெருகி, நஞ்சோடு போட்டியிட்டுக் கதவைத் திறக்கும். கட்டுவிரியன் கடிக்கு இந்த ஊசி அவ்வளவாகப் பயன்படுவதில்லை. அதன் நஞ்சு பெரும்பாலும் நரம்பு நுனியையே தாக்குகிறது.